எப்காட் உணவு விழா: ஏரிக்கரையில் நான் பார்த்த கைகள்

வெள்ளிக்கிழமை

அமெரிக்காவின் ஓர்லாண்டோ அருகே இருக்கும் டிஸ்னி பொழுதுபோக்குப் பூங்காவான எப்காட் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது நுழைவாயிலில் நிற்கும் அந்த வெள்ளிக் கோளம்தான். 180 அடி உயரம். 1982 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்ததிலிருந்து அதுதான் இந்த இடத்தின் முகம். ஆனால் உணவு விழா தொடங்கிவிட்டால் ஓர்லாண்டோ உள்ளூர்க்காரர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நேராக ஏரிக்கரைக்கு நடக்கிறார்கள். அக்கா வீட்டில் தங்கியிருப்பதால் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அக்கா, அத்தான், அவர்கள் மகள், நான் என்று நான்கு பேராகக் கிளம்பினோம்.

இந்த விழா 1996-இல் தொடங்கியது. ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. அதன் ஓரத்தில் மெக்சிகோவில் ஆரம்பித்து கனடாவில் முடியும் 11 நாடுகளின் அரங்கங்கள் எப்போதும் உண்டு. விழாக் காலத்தில் அவற்றுக்கு இடையே சிறு சிறு உணவுக் கடைகள் முளைக்கின்றன. சொந்த அரங்கம் இல்லாத நாடுகளுக்கும் இங்கே ஒரு கடை கிடைத்துவிடுகிறது. ஒரு தட்டில் நான்கைந்து வாய்தான் இருக்கும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துக்கொண்டே சுற்றி வரலாம். பாஸ்போர்ட் போல ஒரு குறுநூலும் இலவசமாகத் தருகிறார்கள். எந்தக் கடையில் சாப்பிட்டோம் என்று அதில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போகலாம்.

இந்தியக் கடையில் ‘மெட்ராஸ் ரெட் கறி’ என்று ஒன்று வாங்கினேன். காலிஃபிளவர், கேரட், கொண்டைக்கடலை போட்ட குழம்பு, கூடவே பாசுமதிச் சோறு. நம் வீட்டுக் குழம்புக்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் காலிஃபிளவரை ஓரம் லேசாகக் கருகும்வரை வறுத்திருந்த பக்குவம் எனக்குப் பிடித்திருந்தது. தேங்காய்ப்பால் போல் ஒரு வழவழப்பு, அடியில் மெல்லிய புளிப்பு. எதிரே நின்று சாப்பிட்ட அமெரிக்கப் பாட்டி ஒருவர் தட்டை வழித்துச் சாப்பிட்டதைப் பார்க்க மனம் நிறைந்தது.

மதிய வெயிலுக்கு ஒதுங்க ‘தி லேண்ட்’ கட்டடத்துக்குள் போனோம். அங்கே படகில் ஏறினால் மண்ணில்லா வேளாண்மைக் கண்ணாடிக் கூடங்களுக்குள் மெதுவாகக் கூட்டிப்போகிறது. பூசணி, கத்தரி, வெள்ளரி எல்லாம் கயிற்றில் கட்டித் தொங்குகின்றன. சில பூசணிகளைப் பிஞ்சிலேயே அச்சுக்குள் வைத்து மிக்கி தலை வடிவத்தில் வளர்க்கிறார்கள். இங்கே ஒரே தக்காளிச் செடியில் 2005 மே முதல் 2006 ஏப்ரல் வரை 32,194 பழங்கள் பறித்தது கின்னஸ் பதிவில் இருக்கிறது. இங்கு விளைவதில் ஒரு பகுதி பூங்காவின் உணவகங்களுக்கே போகிறது. உணவு விழாவுக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடம்தான் என்பேன். தட்டில் வருவது எங்கிருந்து வருகிறது என்று குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

படகில் எங்களுக்கு முன் வரிசையில் இருந்த ஒருவர், கூடம் முடியும்வரை கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். கையை உள்ளே வையுங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. ஓரமாகப் படர்ந்திருந்த ஒரு கொடியின் இலை அவர் விரலில் சிக்கி, பாதி கிழிந்து தொங்கியது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா மகள் மட்டும் அதைக் கடைசிவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை

அத்தானுக்கு இனி இன்றும் நாளையும்தான் விடுமுறை மிச்சம். அதனால் கூட்டம் என்று தெரிந்தே போனோம். வார நாளில் பார்த்த பூங்காவும் சனிக்கிழமை பார்த்த பூங்காவும் இரண்டு வேறு ஊர்கள்.

11 நாட்டு அரங்கங்களிலும் ஒவ்வொரு கோப்பை குடித்து ஏரியை ஒரு சுற்று முடிப்பது இங்கே பலருக்கு ஒரு பந்தயம். அதற்கென்றே ஒரே மாதிரிச் சட்டை அச்சிட்டு அணிந்து, முதுகில் 11 நாடுகளின் பெயர்களும் வரிசையாக, பக்கத்தில் டிக் போடக் கட்டங்களுமாகக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். குடிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு நாட்டின் திராட்சை ரசத்தையும் ருசி பார்க்கத்தான் இந்த விழாவே. ஆனால் நான்காவது நாட்டில் ஜெர்மனிக்கு வரும்போதே பலருக்கு நடை மாறிவிடுகிறது. அதற்கு மேல் எதிரில் இருப்பது கலைப்பொருளா, சாய்ந்துகொள்ளும் சுவரா என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஜெர்மனி அரங்கத்தை ஒட்டி ஒரு குட்டி ரயில் ஊர் இருக்கிறது. எனக்கு எப்காட்டிலேயே மிகப் பிடித்த இடம் அதுதான். தாழ்வான வேலிக்கு அப்பால் முழங்கால் உயரத்தில் ஒரு ஜெர்மானியக் கிராமம்: மரச்சட்டம் போட்ட வீடுகள், தேவாலயம், பாலம், சுரங்கம், உண்மையான செடிகளைக் கத்தரித்துச் செய்த குட்டி மரங்கள். ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. விழாவை ஒட்டி அந்தக் கிராமத்திலும் விரல் அளவுக் கடைகளும் கொடிகளும் வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் ஒரு கடைப் பலகையில் எழுத்துகூடப் படிக்க முடிகிறது. யாரோ கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்லிய தூரிகையால் எழுதியிருக்க வேண்டும்.

நாங்கள் நின்றிருந்தபோது பக்கத்தில் ஒருவர் தன் மகனை அக்குளில் பிடித்துத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கினார். பையனுக்கு மூன்று வயது இருக்கும். “ரயில் பக்கத்தில் நில், நேராக என்னைப் பார்” என்று ஆங்கிலத்தில் சொன்னபடி ஃபோனை உயர்த்தினார். பையன் நிற்பானா? ரயில் வந்தது, பிடித்தான். எஞ்சின் தண்டவாளத்தை விட்டு இறங்கி, பின்னால் வந்த இரண்டு பெட்டிகளும் சாய்ந்தன. பயந்துபோன குழந்தை பின்னால் நகர்ந்ததில் அவன் குதிகால் ஒரு வீட்டுக் கூரையில் பட்டு அது ஒரு பக்கம் அமுங்கியது. கூரையின் முனையில் இருந்த புகைபோக்கி மட்டும் தனியாகக் கழன்று செடிக்குள் விழுந்தது. அப்பா சிரித்துக்கொண்டே பையனைத் தூக்கிக்கொண்டார். படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். போய்விட்டார்.

அந்தக் குழந்தை மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை. மூன்று வயதில் ஓடும் ரயிலைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிப்பது? வேலிக்கு அப்பால் அவனை இறக்கிவிட்ட கைகள் மேல்தான் கோபம். வேலி தாழ்வாக இருப்பது குழந்தைகள் பார்ப்பதற்காக. பெரியவர்கள் அதைத் தாண்டலாம் என்பதற்காக அல்ல.

சிறிது நேரத்தில் ஓர் ஊழியர் வந்தார். யாரையும் திட்டவில்லை. செருப்புக்கு அடியில் செடி நசுங்காதபடி கல் கல்லாகப் பார்த்துக் கால் வைத்து உள்ளே போனார், எஞ்சினைத் தூக்கிச் சக்கரத்தைத் துடைத்து வைத்தார், புகைபோக்கியைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூரையை விரல்களால் உள்ளிருந்து தள்ளிப் பார்த்தார். அது நிமிரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

குழந்தைகளுக்காக ஒரு தேடும் விளையாட்டும் இங்கே உண்டு. ரெமி என்ற சமையல்கார எலியின் சிறு உருவத்தைக் கடைகளுக்குப் பக்கத்தில் எங்கெங்கோ ஒளித்து வைத்திருப்பார்கள். வரைபடம் ஒன்றை விலைக்கு வாங்கி, எலியைக் கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்காவிட்டாலும் கடைசியில் ஒரு பரிசு உண்டு. தள்ளி நின்று பார்த்தாலே போதும். தொட வேண்டியதே இல்லை.

ஆனால் பூப்பாத்திக்குள் இருந்த ஒரு ரெமியிடம் நாங்கள் போனபோது, அதைச் சுற்றி முழம் அகலத்துக்கு மண் தெரிந்தது. செடி இருந்த இடம். ஷூ தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. ஓரத்தில் மிதிபட்ட செடி ஒன்றின் தண்டு ஒடிந்து, நாரில் தொங்கியது. எலியின் ஒரு காது சற்றே உரிந்து அடியில் இருக்கும் வெள்ளை தெரிந்தது. அருகில் போய்ச் சேர்ந்து நின்று, அதன் காதைப் பிடித்தபடி படம் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் அல்ல, காலையிலிருந்து வந்த அத்தனை பேரும்.

“சித்தி, நாம் இங்கிருந்தே பார்த்தால் கணக்கில் வருமா?” என்று கேட்டாள் அக்கா மகள். வரும் என்றேன். பாதையில் நின்றபடியே ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டாள்.

ஜப்பான் அரங்கத்தின் பக்கம் வரும்போது தமிழ்க் குரல் கேட்டது. “ஏறி நில், தாத்தாவுக்கு அனுப்ப வேண்டும்” என்று ஒரு பையனைப் பூத்தொட்டிச் சுவரின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கால் சுவரில், ஒரு கால் செடியில். நான் அருகில் போய், “அம்மா, செடி ஒடிகிறது பாருங்கள். தம்பியைக் கீழே நிறுத்துங்கள், கோபுரமும் சேர்ந்து வருகிற மாதிரி நான் எடுத்துத் தருகிறேன்” என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் உடனே இறக்கிவிட்டார். ஐந்தடுக்குக் கோபுரத்தின் முன் குடும்பத்தோடு நிற்கவைத்து எடுத்துக்கொடுத்தேன். மதுரைக்காரர்கள். போகும்போது பையன் தானாகவே சுவரில் சிந்திய மண்ணைக் கையால் தள்ளிவிட்டுப் போனான். சொன்னால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. ஊழியர்கள் எத்தனை பேரிடம் சொல்வார்கள்?

இரவு திரும்பும் வழியெல்லாம் காகிதத் தட்டுகள். சுவர் மேல், சன்னல் விளிம்பில், விளக்குத் தூணின் அடியில். குப்பைத்தொட்டி கண்ணில் படாத இடமே அந்தப் பாதையில் கிடையாது. சில தட்டுகள் தொட்டியிலிருந்து பத்தடியில் இருந்தன. தின்ற கையோடு பத்தடி நடக்க முடியாதவர்கள் பந்தயத்துக்காக 2 கிலோமீட்டர் சுற்றுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் வெயில். மூன்று மணிக்குப் புளோரிடாவின் வழக்கமான இடிமழை. எங்களுக்கு ஒதுங்கக் கிடைத்த இடம் மொராக்கோ.

இந்த அரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுத வேண்டும். 1984-இல் திறந்தது. கட்டும்போது அன்றைய மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் தன் நாட்டிலிருந்து கைவினைஞர்களை அனுப்பிவைத்தார். வாசலில் மராக்கேஷ் நகரின் குத்பியா கோபுரத்தின் நகல். அதைத் தாண்டினால் ஃபெஸ் நகரின் நீல வாசல், அதற்கும் உள்ளே அதே ஊரின் நெஜ்ஜாரின் நீரூற்று. சுவர்களிலும் நீரூற்றிலும் பதிந்திருக்கும் ஓட்டு வேலைக்கு ஜெலிஜ் என்று பெயர்.

ஜெலிஜ் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் அதன்மேல் கோப்பையை வைக்க மாட்டார்கள். களிமண்ணைச் சதுரமாகத் தட்டிச் சுட்டு, மெருகு பூசி மறுபடியும் சுடுவார்கள். பிறகு ஒருவர் தரையில் உட்கார்ந்து, கூரான கனத்த சுத்தியலால் அந்தச் சதுரத்திலிருந்து நட்சத்திரம், இதழ், அம்பு என்று ஒவ்வொரு வடிவத்தையும் கொத்தி எடுப்பார். ஓர் அடி தவறினால் துண்டு வீண். கொத்திய துண்டுகளை முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து அடுக்குவார்கள். அடுக்கும்போது நிறம் கண்ணுக்குத் தெரியாது. எந்த இடத்தில் நீலம், எந்த இடத்தில் பச்சை என்பது அடுக்குபவரின் நினைவில்தான் இருக்கிறது. முதுகில் சாந்தை ஊற்றி இறுகவிட்டு, பலகையாகத் தூக்கிச் சுவரில் பதித்த பிறகுதான் முழு உருவமும் வெளியே வரும். வாசலில் நம் பெண்கள் புள்ளி வைத்துப் போடும் சிக்குக் கோலத்தைப் பின்பக்கத்திலிருந்து போடச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வேலை.

மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் நீரூற்றின் விளிம்பெல்லாம் கோப்பைகள். ஒருவர் மீதமிருந்த மதுவை நீரூற்றுத் தொட்டியிலேயே ஊற்றினார். சிவப்புத் திராட்சை ரசம் ஒன்று கவிழ்ந்து, ஓடுகளுக்கு இடையே இருக்கும் வெள்ளைச் சாந்துக் கோட்டில் நூல்போல ஓடி ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றிக்கொண்டு போனது. ஓட்டில் பட்டால் துடைத்துவிடலாம், சாந்தில் இறங்கினால் கறை.

அதைவிட மோசமானதை அதற்குப் பிறகு பார்த்தேன். சுவரோரம் சாய்ந்து நின்ற ஒருவர் பேச்சுக்கு நடுவே, கையில் இருந்த சாவியால் ஓர் ஓட்டின் விளிம்பை நெம்பிக்கொண்டிருந்தார். அங்கே ஏற்கெனவே மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. சாவி பாட்டுக்கு நெம்பியது, பேச்சு பாட்டுக்கு நடந்தது. சிறு ஓசையோடு ஒரு சில்லு கழன்று விழுந்தது. அவர் குனிந்து எடுத்துப் பார்த்தார், கீழே போட்டார், பேச்சைத் தொடர்ந்தார்.

எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. “அது கையால் செய்தது. தயவுசெய்து சுவரை விட்டுத் தள்ளி நில்லுங்கள்” என்று சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ஒரு சின்னத் துண்டுதானே” என்றார். அத்தான் என் தோளைத் தொட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

சில்லை அக்கா மகள் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். சுண்டுவிரல் நக அளவு. ஒரு பக்கம் நீல மெருகு, மறுபக்கம் வெளிறிய களிமண். ஒரு விளிம்பு மட்டும் நேர்க்கோடு, சுத்தியல் விழுந்த கோடு. பக்கத்துக் கடையில் இருந்த ஊழியரிடம் கொண்டுபோய்க் கொடுத்து இடத்தைக் காட்டினேன். அவர் அதைக் காகிதத்தில் மடித்து, மேலே சுவரின் அடையாளத்தை எழுதிக்கொண்டார்.

“ஒரு சின்னத் துண்டுதானே” என்ற சொல் மனத்தைவிட்டு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை கிழிந்த இலையும் ஒரு சின்ன இலைதான். நேற்றுக் கழன்றது சின்னப் புகைபோக்கி, உரிந்தது சின்னக் காது. இந்த விழாவில் நான் பார்த்தவர்களில் ஒருவர்கூட எதையும் உடைக்க வேண்டும் என்று வந்தவர் இல்லை. தன் ஒரு கை பட்டு என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். அதே இடத்தில் தனக்கு முன்னால் பட்ட கைகளையும் பின்னால் படப்போகும் கைகளையும் யாரும் சேர்த்து எண்ணுவதில்லை.

திங்கட்கிழமை

அத்தான் வேலைக்குப் போய்விட்டார். அக்கா மகளுக்கு இன்று பள்ளி விடுமுறை என்பதால் நாங்கள் இருவரும் மட்டும் போனோம். பூங்காவின் முன்பகுதி காலையிலேயே திறந்துவிடும். ஏரிக்கரை நாடுகள் 11 மணிக்குத்தான் திறக்கும். கயிற்றை எடுத்ததும் உள்ளே போய்விட்டோம்.

சனிக்கிழமை மண் தெரிந்த பூப்பாத்தியில் தோட்டக்காரர் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டிருந்தார். புதுச் செடிகள் வந்துவிட்டன. நாங்கள் நிற்பதைப் பார்த்து அவராகவே பேசினார். செடி மிதிபடுவதைவிட மண் மிதிபடுவதுதான் பெரிய தொல்லையாம். மிதிக்க மிதிக்க மண் இறுகிப்போய் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. புதுச் செடியை அப்படியே வைத்தால் அதுவும் வாடும், அதனால் முதலில் மண்ணைக் கிளறி எடுக்க வேண்டும். சொல்லிக்கொண்டே முள்கரண்டி போன்ற கருவியை ஓர் ஓரத்தில் குத்திக் காட்டினார். அரை விரல் ஆழத்துக்கு மேல் அது இறங்கவில்லை. கிளறிய பக்கத்தில் முழுதாக இறங்கியது.

“எலியை என்ன செய்தீர்கள்?” என்று அக்கா மகள் கேட்டாள். இடம் மாற்றிவிட்டார்களாம். முன்பு பாத்திக்குள் இருந்தது, இப்போது கைக்கு எட்டாத உயரத்தில் கூரையோரம். காதுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். ஆனால் என் கண்ணுக்கு அது ஒரு பொட்டாகத்தான் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த சிறுமியோ அதைப் பார்க்கவே முடியாமல் அம்மாவைத் தூக்கச் சொல்லி அழுதாள்.

கூட்டத்தால் வரும் உண்மையான நஷ்டம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான். செடியை மறுபடி நடலாம். காதுக்கு வண்ணம் பூசலாம். ஆனால் ஒவ்வொரு முறை ஒன்று உடையும்போதும் அது பார்வையாளரைவிட்டு ஓர் அடி தள்ளிப் போகிறது. தாழ்ந்த வேலி உயர்கிறது, கயிறு கண்ணாடியாகிறது. முழங்காலளவு உயரத்தில் ஒரு ஊரை வைத்து, குழந்தையின் கண்ணுக்கு நேராக ரயில் விட்டவர்கள் நம்மை நம்பித்தான் விட்டார்கள். அந்த நம்பிக்கையை வீணாக்கிவிட்டு, பிறகு எல்லாம் தூரத்தில் இருக்கிறது என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

ரயில் ஊருக்குப் போய்ப் பார்த்தோம். ரயில் ஓடுகிறது. கூரை நிமிர்ந்திருந்தது. புகைபோக்கி இன்னும் வரவில்லை.

இங்கே நல்ல ஊழியர்களைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. விருந்தினர் சேவை அலுவலகத்துக்குப் போய் மூவரைப் பற்றியும் எழுதினேன்: கல் கல்லாகக் கால் வைத்து உள்ளே போனவர், சில்லைக் காகிதத்தில் மடித்து வைத்தவர், இன்றைய தோட்டக்காரர். திட்டு வாங்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேன்.

விழாவுக்குப் போகிற எண்ணம் இருப்பவர்களுக்கு: செவ்வாய் முதல் வியாழன்வரை போங்கள், 11 மணிக்கு ஏரிக்கரை திறக்கும்போதே அங்கே இருங்கள். நான் பார்த்தவரை மதியம் ஒரு மணிவரை கடைகளில் வரிசையே இல்லை. உணவகங்களில் ஐஸ் தண்ணீர் இலவசமாகக் கொடுப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போனால் ரயில் ஊரையும் மொராக்கோவையும் கூட்டம் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், சாப்பாடு பிறகு. நாளை அக்காவோடு கென்னடி விண்வெளி மையத்துக்குப் போகிறேன், அதைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.